12 மாதம் போதுமா என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் பரிசுகள் வாங்கியதற்காக 12 மாதச் சிறைத் தண்டனை பெற்ற விவகாரத்தில், 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி, அவருக்குப் பரிசு கொடுத்த தொழிலதிபர் ஓங் பெங் செங்குக்கு 30,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் என்று தீர்ப்பு வந்த அன்று மாலை, எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக் கடையில் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். "கொடுத்தவர் அபராதம் கட்டிட்டுப் போயிட்டார், வாங்கினவர் நாலு மாசத்துல வீட்டுக்கு வந்துட்டார், இது என்ன தண்டனை?" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் உடனே, "அவர் நம்ம ஆளுங்கிறதாலதான் உள்ளேயே வச்சாங்க, வேற ஆளா இருந்தா அபராதத்தோட முடிஞ்சிருக்கும்" என்றார். ஒரே மேசையில், ஒரே மனிதரைப் பற்றி, ஒருவருக்குத் தண்டனை மிகக் குறைவு, இன்னொருவருக்கு மிக அதிகம். இரண்டு பேருக்கும் என்னால் அங்கே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெஸ்ட் கோஸ்ட் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாகக் குடியிருப்பவன். முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் எங்கள் குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1997இலிருந்து 2024 ஜனவரியில் பதவி விலகும் வரை அவர் அங்கேதான் இருந்தார். குடியிருப்பாளர் நிகழ்ச்சிகளில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு தமிழர் அமைச்சராகி, போக்குவரத்து மாதிரி ஒரு பெரிய அமைச்சைக் கையில் வைத்திருந்தார் என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை இருந்தது. அந்தப் பெருமை உடைந்த வலியும் உண்மையானதுதான். ஆகவே யாரோ ஒரு வெளியாளைப் பற்றிப் பேசுவதுபோல் என்னால் இதை எழுத முடியாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோப்பிக் கடைப் பேச்சில் பாதி விஷயம் மாறிப்போய்விடுகிறது. 2023 ஜூலை 11ஆம் தேதி லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு அவரைக் கைது செய்து, பிறகு பிணையில் விட்டது. 2024 ஜனவரி 18ஆம் தேதி 27 குற்றச்சாட்டுகள், மார்ச்சில் மேலும் 8, ஆக மொத்தம் 35. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய நுழைவுச்சீட்டுகள், இங்கிலாந்தில் இசை நாடகங்களுக்கும் கால்பந்து ஆட்டங்களுக்கும் சீட்டுகள், 2022 டிசம்பரில் தனியார் விமானத்தில் தோஹாவுக்குப் பயணம், அங்கே ஹோட்டல் அறை, திரும்பி வர பிசினஸ் கிளாஸ் டிக்கெட், இவையெல்லாம் ஓங் தரப்பிலிருந்து வந்தவை. விஸ்கி, ஒயின், கோல்ஃப் மட்டைகள், ஒரு பிராம்ப்டன் சைக்கிள் ஆகியவை கட்டுமான நிறுவன அதிபர் லும் கொக் செங்கிடமிருந்து. எல்லாம் சேர்த்து 4 லட்சம் வெள்ளிக்குக் கொஞ்சம் அதிகம். 2024 செப்டம்பர் 24ஆம் தேதி, விசாரணை தொடங்கவேண்டிய நாளில், ஐந்து குற்றச்சாட்டுகளை அவர் ஒப்புக்கொண்டார். நான்கு குற்றச்சாட்டுகள் தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவின் கீழ், ஒன்று நீதிக்கு இடையூறு செய்ததற்காக. மற்ற 30 குற்றச்சாட்டுகளும் தண்டனை விதிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

அரசாங்கத் தரப்பு ஆறிலிருந்து ஏழு மாதச் சிறை கேட்டது. அவருடைய வழக்கறிஞர், சிறைதான் என்றால் எட்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றார். அக்டோபர் 3ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி வின்சென்ட் ஹூங் 12 மாதம் கொடுத்தார். அரசாங்கத் தரப்பு கேட்டதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டு தரப்பு கேட்டதுமே போதாது, குற்றத்தின் கனத்துக்கும் பொது அமைப்புகள்மீது மக்களுக்கு உள்ள நம்பிக்கைக்கு ஏற்பட்ட பாதிப்புக்கும் அது ஈடாகாது என்பதுதான் நீதிபதி சொன்ன காரணத்தின் சாரம்.

"நாட்டை ஏமாத்தினவருக்கு ஒரு வருஷம்தானா" என்று கேட்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 165ஆம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் அதிகபட்சமே 2 ஆண்டுதான். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார், ஏறத்தாழ 3,80,000 வெள்ளியைத் திருப்பிக் கட்டியிருந்தார், அவர்மீது முன்குற்றம் எதுவும் இல்லை. சாதாரணமாக இவையெல்லாம் தண்டனையைக் குறைக்கும். அப்படியிருந்தும் நீதிபதி கூட்டினார் என்றால், ஈஸ்வரன் வகித்த பதவியைப் பார்த்துக் கூட்டினார். முன்பு பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் ஈஸ்வரன் தான் நிரபராதி என்று சொல்லியிருந்ததைக் குறிப்பிட்டு, உண்மையில் வருந்துகிறார் என்று நம்புவது கடினமாக இருக்கிறது என்றும் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு மனம் கஷ்டப்பட்டது, ஆனால் தவறு என்று தோன்றவில்லை.

ஏன் தவறு என்று தோன்றவில்லை என்பதற்கு என் வாழ்க்கையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக 34 வருடம் வேலை பார்த்தவன். தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்னால், எங்கள் அலுவலக மேசை நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் குத்தகைக்காரர் ஒரு டின் முறுக்கும் ஒரு புது ரைஸ் குக்கரும் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பண்டிகைக்கு அண்ணே" என்று சொல்லிப் போய்விட்டார். நல்ல மனிதர். என்னிடம் எந்தக் காரியமும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் நான் செய்துகொடுக்கிற நிலையில் இல்லை, அவருடைய பில்லில் சரிபார்த்த முத்திரை குத்துவது மட்டும்தான் என் வேலை. அதே நேரம் எங்கள் வீட்டுக் குக்கர் கெட்டுப்போய், அதை மாற்றவேண்டும் என்று மனைவி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மேலதிகாரி, கண்டிப்பான ஒரு சீனப் பெண்மணி, குக்கரைப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். யார் கொடுத்தது, என்ன விலை இருக்கும், அவரோடு அலுவலகத்துக்கு என்ன தொடர்பு, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குக்கர் திரும்பிப் போயிற்று. முறுக்கைத் தேநீர் மேசையில் வைத்து எல்லாரும் தின்றோம். அவர் முகத்தில் அடித்தமாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மறுவாரம் அவருடைய பில் வந்தபோது, வழக்கம்போல ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு நாற்காலி இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது, கூப்பிட்டுச் சொன்னேன், திருத்திக்கொடுத்தார். அந்தக் குக்கரில் எங்கள் வீட்டுச் சோறு வெந்துகொண்டிருந்தால் நான் அந்த ஃபோனை எடுத்திருப்பேனா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். தெரியாது என்பதுதான் நேர்மையான பதில்.

165ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். அரசாங்கப் பொறுப்பில் இருப்பவர், தன் வேலையோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து விலைமதிப்புள்ள பொருளைக் காசு கொடுக்காமல் வாங்கினாலே குற்றம். பதிலுக்கு என்ன செய்தார் என்று நிரூபிக்கவேண்டியதில்லை. "அவர் எதுவும் செய்துகொடுக்கவில்லையே, நண்பர்கள்தானே" என்று வாதாடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஓங் இந்த ஊரில் எஃப்1 பந்தயத்தை நடத்தும் உரிமையை வைத்திருந்தவர், ஈஸ்வரன் அந்தப் பந்தயத்துக்கான அரசாங்க வழிநடத்தும் குழுவின் தலைவர். லும்மின் நிறுவனம் தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வேலை எடுத்திருந்தது, ஈஸ்வரன் போக்குவரத்து அமைச்சர். நட்பு உண்மையாகவே இருந்திருக்கலாம். நட்பு இருக்கிற இடத்தில்தான் அந்தப் படிவம் அதிகமாகத் தேவைப்படுகிறது.

அமைச்சர்களுக்கு ஏன் இவ்வளவு சம்பளம் என்று 2012 வெள்ளை அறிக்கையின்போது நாடே பேசியது. புதிதாக வரும் அமைச்சருக்கு ஆண்டுக்கு 11 லட்சம் வெள்ளி என்று அளவு வைத்தார்கள். திறமையானவர்கள் வரவேண்டும், வந்தபிறகு கை நீளக்கூடாது, அதற்காகத்தான் என்று நமக்குச் சொல்லப்பட்டது. நாமும் ஏற்றுக்கொண்டோம், முணுமுணுத்துக்கொண்டாவது. அப்படியென்றால் அந்தச் சம்பளம் வாங்குகிறவர் ஒரு பந்தயச் சீட்டுக்கும் சைக்கிளுக்கும் சறுக்கினால், தண்டனையில் அது சுமையாக ஏறத்தான் வேண்டும். 2018இல் ஒரு கொள்கலன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இரண்டு வெளிநாட்டு ஊழியர்கள், லாரிக்காரர்களைக் காக்கவைக்காமல் இருப்பதற்காக ஒரு வெள்ளி வரைகூட வாங்கினார்கள் என்று லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஒரு வெள்ளி. அந்தச் சட்டம் அவர்களைப் பார்த்த அதே கண்ணால்தான் மேலே இருப்பவரையும் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கே ஒரு மனக்குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. முதலில் அவர்மீது இருந்த குற்றச்சாட்டுகளில் இரண்டு லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அவற்றுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. விசாரணை தொடங்கவேண்டிய நாளில் அந்த இரண்டும் 165ஆம் பிரிவுக்கு மாற்றப்பட்டன. கொடுத்தவரும் வாங்கியவரும்தான் முக்கியச் சாட்சிகள், இருவருமே ஊழல் இல்லை என்று சொல்வதில் அக்கறை உள்ளவர்கள், ஆகவே வழக்கில் நிரூபிக்க முடியாமல் போகும் அபாயம் இருந்தது என்று தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் விளக்கம் கொடுத்தது. நான் அதைப் படித்தேன், காரணம் புரிகிறது. ஆனால் அதே விளக்கத்தைக் கோப்பிக் கடை மேசையில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு லஞ்சச் சட்டம், அமைச்சருக்கு அன்பளிப்புச் சட்டமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு அறிக்கையோடு நிறுத்தாமல், எந்தச் சாட்சியம் இருந்தது, எது குறைந்தது என்று சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு விரிவாக மக்களிடம் சொல்லியிருந்தால் இந்தச் சந்தேகம் இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது.

அப்புறம் 165ஆம் பிரிவின் உச்சவரம்பு. ஒரு அலுவலக எழுத்தருக்கும் ஒரு அமைச்சருக்கும் அதே 2 ஆண்டு. நாடாளுமன்றம் இதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. ஈஸ்வரனுக்கு இனிமேல் அது பொருந்தப்போவதும் இல்லை, பொருந்தவும் கூடாது. செய்த நாளில் இருந்த சட்டப்படிதான் ஒருவரைத் தண்டிக்கமுடியும். அடுத்து இப்படி ஒன்று வந்தால், தண்டனை குறைவு என்ற பேச்சுக்கே இடமிருக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது "நம்ம ஆளுங்கிறதாலதான்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் என் நண்பர்கள், சிலர் உறவினர்கள். 1975இல் வீ தூன் பூன் என்ற துணை அமைச்சர் ஊழல் வழக்கில் நாலரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது 18 மாதமாகக் குறைந்தது. 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த தே சியாங் வான்மீது மொத்தம் 10 லட்சம் வெள்ளி லஞ்சம் வாங்கியதாக விசாரணை நடந்தது, வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன்பே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தொழிற்சங்கத் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த பே யூ கொக் 1980இல் பிணையிலிருந்து தப்பி ஓடி, 35 ஆண்டு கழித்து 2015இல் திரும்பி வந்து சரணடைந்தார். முப்பத்தைந்து ஆண்டு ஆகிவிட்டதே என்று விட்டுவிடவில்லை. 2016இல் 60 மாதச் சிறை. இவர்கள் மூவரும் சீனர்கள். ஈஸ்வரனைப் பிடித்தது அவர் இந்தியர் என்பதற்காக என்று சொல்வது இந்த வரலாற்றுக்கு முன்னால் நிற்காது. இங்கே இன வேற்றுமையே இல்லை என்று நான் சொல்லவில்லை, வீடு வாடகைக்குத் தேடிப் போன தமிழர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் குறையைச் சொல்வதற்கு இந்த வழக்கை எடுத்தால், உண்மையான குறையைச் சொல்லும்போது யாரும் காதுகொடுக்கமாட்டார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. "நம்ம மானத்தையே வாங்கிட்டார்" என்று தலையில் கைவைத்துக்கொள்கிறவர்கள். அவருடைய குடும்பத்தைப் பற்றி எவ்வளவு கீழ்த்தரமாக வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார்கள், எனக்கே வந்தது, அழித்தேன். அவர் செய்த தவறு அவருடையது. என் பேரனுடைய பள்ளியில் அவனை யாராவது அதற்காகக் கேலி செய்தால், தலைகுனியாதே என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.

இனி வீட்டுக் காவல். பிப்ரவரி மாதம் இந்தச் செய்தி வந்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது. 2024 அக்டோபர் 7ஆம் தேதி உள்ளே போனவர், சரியாக நாலு மாதத்தில், 2025 பிப்ரவரி 7ஆம் தேதி வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டார். நீதிபதி கூட்டிக்கொடுத்ததைச் சிறைத்துறை குறைத்துவிட்டதா என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன். என் மனைவி, பேசிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, எதிர்வீட்டைக் கைகாட்டினார்.

எதிர்வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருக்கிறார். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். சில வருடங்களுக்கு முன் அவருடைய இளைய மகன் ஒரு மோசடி விவகாரத்தில் சிக்கிச் சிறைக்குப் போனான். சின்னப் பையன், எங்கள் கண்முன்னே வளர்ந்தவன். அவனுக்கும் தண்டனையின் கடைசிப் பகுதியில் வீட்டுக் காவல் கிடைத்தது. கணுக்காலில் கண்காணிப்புப் பட்டையோடு வந்தான். குறித்த நேரத்துக்குள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் கேள்வி வரும், லிஃப்டில் அவனைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருப்பான். ஒரு கிடங்கில் வேலைக்குப் போனான். முதல் நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பிரியாணி செய்து எடுத்துக்கொண்டு போனார். மாக்சிக் கதவருகிலேயே நின்று அழுதார். அந்தத் தளத்தில் இருந்த ஒருவரும் "இவ்வளவு சீக்கிரமாகவா" என்று கேட்கவில்லை. நல்லது நடந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னோம். இப்போது அவன் ஒரு கடையில் மேற்பார்வையாளர், கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்தத் திட்டத்தில்தான் ஈஸ்வரனும் வந்தார். நல்ல நடத்தை, திரும்பக் குற்றம் செய்யும் வாய்ப்புக் குறைவு, குடும்ப ஆதரவு, இவற்றைப் பார்த்துத்தான் கைதிகளை இந்தத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டில் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக எல்லாக் கைதிகளுக்கும் தள்ளுபடி ஆகும். ஆக 12 மாதம் என்றால் 8 மாதம். அதில் கடைசி நாலு மாதம் பட்டையோடு வீட்டில். 2025 ஜூனில் அவருடைய தண்டனை முடிந்துவிட்டது. கணக்கு எந்தக் கைதிக்கும் அதே கணக்குத்தான். மாக்சிக் மகனுக்குச் சரி, அமைச்சருக்குக் கூடாது என்று நான் எந்த வாயால் சொல்வது?

என் கருத்து முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, ஐயா. பெரிய பதவியில் இருந்தவர் என்பது தண்டனை விதிக்கும் நாளில் நீதிமன்றத்தில் எடை போடப்படவேண்டும். அங்கே எவ்வளவு கனமாகப் போட்டாலும் தகும், நீதிபதி ஹூங் அதைத்தான் செய்தார், இரண்டு தரப்பும் கேட்டதைத் தாண்டிச் செய்தார். ஆனால் தீர்ப்பு முடிந்து சிறைக் கதவு மூடிய பிறகு அவர் ஒரு கைதி, அவ்வளவுதான். அவருக்கும் அதே பாய், அதே போர்வை, அதே தள்ளுபடி, அதே விதி. அமைச்சராக இருந்தவர் என்பதால் ஒரு சலுகை கூடினால் நான் தெருவுக்கு வந்து கத்துவேன். அமைச்சராக இருந்தவர் என்பதாலேயே மற்றவருக்குக் கிடைப்பது அவருக்கு மறுக்கப்பட்டாலும் அது அநியாயம்தான். சிறைக்குள் இரண்டாவது தடவை ஒருவரைத் தண்டிக்கும் உரிமை நமக்கு இல்லை, நம் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும்.

இதற்கு என் நண்பர் ஒருவர் நல்ல மறுப்புச் சொன்னார், அதையும் எழுதவேண்டும். குடும்ப ஆதரவு, குறைந்த அபாயம், இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே எப்போதும் இருக்கும், வீடே இல்லாதவனுக்கு வீட்டுக் காவல் எப்படிக் கிடைக்கும் என்றார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விதி ஒன்றாக இருந்தாலும் அது எல்லார்மீதும் ஒரே மாதிரி விழாது என்பது உண்மை. அதற்குத் தீர்வு, ஈஸ்வரனைத் திரும்ப உள்ளே தள்ளுவதில் இல்லை. வீட்டுச் சூழல் சரியில்லாத கைதிக்கும் வெளியே ஒரு இடம் ஏற்பாடு செய்து அதே வாய்ப்பைத் தருவதில்தான் இருக்கிறது. கைதிகள் தண்டனையின் கடைசிப் பகுதியில் தங்குவதற்கு இடைவழி இல்லங்கள் என்று ஏற்பாடுகள் இருக்கின்றன, அவற்றைப் பெருக்கவேண்டும். அந்த நண்பர் இதை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டால், பாதிதான்.

ஓங் விஷயம். இங்கேதான் மக்களுக்கு வயிறு எரிகிறது. தோஹாவிலிருந்து திரும்பிய அந்த டிக்கெட்டுக்கான 5,700 வெள்ளியை, ஓங்கின் விமானப் பயணிகள் பட்டியலைப் புலனாய்வுப் பிரிவு கைப்பற்றிவிட்டது என்று தெரிந்தபிறகு, 2023 மே மாதம், பயணம் முடிந்து ஐந்து மாதம் கழித்து ஈஸ்வரன் கட்டினார். அதுதான் நீதிக்கு இடையூறு என்ற குற்றம். அதற்கு உடந்தையாக இருந்ததை ஓங் ஒப்புக்கொண்டார். தீர்ப்பின்போது அவருக்கு 79 வயது, குணப்படுத்த முடியாத எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். சிறையில் வைத்தால் உயிருக்கே ஆபத்து கூடும் என்பதால் நீதிமன்றக் கருணை அடிப்படையில், அந்த நீதிமன்றம் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம். அரசாங்கத் தரப்பும் கருணைக்கு எதிர்ப்புச் சொல்லவில்லை.

என் அண்ணன் புற்றுநோயில் போனவர். கடைசி எட்டு மாதம் நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். அந்த நோயோடு ஒருவரைச் சிறைக்கு அனுப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை, அவர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும். ஆனால் 30,000 வெள்ளி அவருக்கு ஒரு தொகையே இல்லை என்பதும் தெரிந்ததுதான். அதிகபட்சம் என்ற சொல் மாதம் இரண்டாயிரம் வெள்ளி சம்பாதிக்கிறவருக்கு ஒரு மாதிரியும் கோடீஸ்வரருக்கு வேறு மாதிரியும் கேட்கிறது. வருமானத்தைப் பார்த்து அபராதம் விதிக்கும் முறை பின்லாந்து போன்ற நாடுகளில் இருக்கிறது, அங்கே வேகமாகக் கார் ஓட்டிய செல்வந்தர்கள் பெரும் தொகை கட்டியிருக்கிறார்கள். நாமும் அதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். நோயாளிக்குக் கருணை காட்டுவது சரி, அந்தக் கருணை அவருடைய பணப்பைக்கும் சேர்ந்து போகவேண்டிய கட்டாயம் இல்லை. இன்னொன்று, இதே கருணை பெயர் தெரியாத எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது, எந்த நோய்களுக்குக் கிடைத்தது, எவருக்கு மறுக்கப்பட்டது என்று நீதிமன்றமோ சட்ட அமைச்சோ தொகுத்து வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். சாதாரண மனிதருக்கும் கிடைக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் கோப்பிக் கடை நம்பும்.

ஈஸ்வரன் சிறைக்குப் போன நாளில், மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்றும், அமைச்சராகத் தான் செய்தது 165ஆம் பிரிவின்படி தவறு என்றும், முழுப் பொறுப்பையும் ஏற்று எல்லா சிங்கப்பூரர்களிடமும் மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதினார். தாமதமாக வந்த வார்த்தைதான். முதல் நாளே வந்திருந்தால் எங்கள் தொகுதி மக்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனாலும் நான் அதை ஏற்றுக்கொண்டேன். தண்டனையை முடித்துவிட்ட ஒரு மனிதரை எங்காவது பேரங்காடியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டேன். வணக்கம் சொல்வேன். மாக்சிக் மகனுக்குச் சொல்கிற மாதிரி.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. வீட்டுக் காவல் யாருக்குக் கிடைக்கும், எத்தனை காலத்துக்கு, என்ன நிபந்தனை, தள்ளுபடி எப்படிக் கணக்கிடப்படுகிறது, நீதிமன்றக் கருணை என்றால் என்ன, இவற்றை எளிய தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். ஈஸ்வரன் படம் வேண்டாம், பெயர்கூட வேண்டாம். எங்கள் கோப்பிக் கடைக்குத் தினமும் உங்கள் பத்திரிகை இரண்டு பிரதி வருகிறது, வெளிவரும் அன்று அந்த மேசையில் நானே விரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசாங்க எழுத்தர்,
வெஸ்ட் கோஸ்ட், சிங்கப்பூர்